இலை அசைந்தாலும் மணியடிக்கும் கமரா: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: யாழ்ப்பாணம், கோண்டாவில் வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கினம். நாலு கமராவும், படத்தைப் பதியிற டிவிஆர் பெட்டி ஒன்றும் பூட்டியிருக்கு. நான் ரொறன்ரோவில் இருந்து போனில் பார்க்கிறனான். ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு அலேர்ட் வருகுது. திறந்து பார்த்தால் வாழையிலை, பூனை, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. அலுத்துப்போய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். கமராவை மாற்ற வேணுமோ?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அசைவைக் கண்டறியும் சாதாரண மோஷன் டிடெக்‌ஷனுக்கு ஆளும் தெரியாது, பூனையும் தெரியாது. முந்திய படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் எத்தனை புள்ளிகள் மாறியிருக்கின்றன என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. முகில் விலகி வெயில் விழுந்தாலும் அதற்கு அசைவுதான். ஆகவே அது எங்கே பார்க்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பூட்டிவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் முழுப் படத்தையும் அப்படியே தெரிவு செய்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும்.

டிவிஆரில் மோஷன் டிடெக்‌ஷன் பக்கத்தைத் திறந்தால் படத்தின் மேல் சிறு கட்டங்கள் தெரியும். எல்லாவற்றையும் முதலில் அழித்துவிடுங்கள். பிறகு, உள்ளே வருகிற ஆள் கட்டாயம் கால் வைக்கவேண்டிய தரையை மட்டும் நிரப்புங்கள்: கேற்றுக்கு உட்பக்கம், விறாந்தைப் படி, பின்கதவடி. வாழை, முருங்கை, ஒழுங்கை, வானம், உடுப்புக் காயப்போடும் கொடி எதுவும் கட்டத்துக்குள் வரக்கூடாது. தலை உயரத்தை நிரப்பினால் அதற்குப் பின்னால் நிற்கும் மரமும் சேர்ந்து வந்துவிடும், தரைதான் முக்கியம்.

அடுத்தது சென்சிட்டிவிட்டி, அதாவது எவ்வளவு சிறிய அசைவையும் பிடிக்கும் என்ற உணர்திறன். நடு அளவில் வைத்து, அப்பாவைக் கேற்றிலிருந்து படிவரை ஒருமுறை நடந்து வரச் சொல்லுங்கள். பிடித்தால் ஒரு படி குறையுங்கள். அவரைத் தவறவிடும் அளவு வரும்வரை குறைத்து, அதற்கு மேல் ஒரு படியில் நிறுத்துங்கள். இதே சோதனையை இரவிலும் செய்ய வேண்டும். இருட்டில் படம் பொரிப்பொரியாக இருப்பதால் பகலுக்குச் சரியான அளவு இரவுக்குச் சரிவராது. டாஹுவா போன்ற நிறுவனங்களின் பெட்டிகளில் திரெஷோல்ட் என்று இன்னோர் அளவும் இருக்கும். குறித்த பகுதியில் எவ்வளவு மாறினால் அசைவாகக் கணக்கெடுப்பது என்பது அது. பூனைக்குத் தீர்வு அங்கேதான்: அதைக் கூட்டினால் சிறிய உருவங்கள் கழிந்துவிடும்.

இரவில் "ஒன்றுமே இல்லாத" அறிவிப்புக்கு மூன்று காரணங்கள் வழமையானவை. முதலாவது பூச்சியும் சிலந்திவலையும். வில்லையைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள், பத்து சென்ரிமீற்றர் முன்னால் பறக்கும் பூச்சியைப் படத்தில் வெள்ளைப் பந்தாகக் காட்டும். கிழமைக்கு ஒருமுறை வலையைத் துடைப்பது குறைந்த செலவு. அதிலும் தீராவிட்டால் கமராவின் விளக்கை மெனுவில் நிறுத்திவிட்டு, ஒன்றிரண்டு மீற்றர் தள்ளித் தனி அகச்சிவப்பு விளக்கொன்றைப் பூட்டுங்கள், அல்லது அந்தப் பக்கம் சாதாரண மின்குமிழ் ஒன்றை எரியவிடுங்கள். பூச்சி விளக்கடிக்குப் போகும், கமராவடிக்கு வராது.

இரண்டாவது, மழையும் மார்கழிப் பனியும். துளிகள் அந்த வெளிச்சத்தில் கோடுகோடாக மின்னும். கமரா கூரைச் சிலாகையின் கீழ் நன்றாக உள்ளே இருந்தால் பாதி குறையும்.

மூன்றாவதைப் பலர் பார்ப்பதில்லை: வயர். இருட்டியதும் விளக்குகள் எரிய, கமரா இழுக்கும் மின்னோட்டம் கூடும். நீளமான, மெல்லிய வயரென்றால், அதுவும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரென்றால், 12 வோல்ற்று அங்கே போய்ச் சேராது. விளக்கு மினுங்கும், படம் கறுப்பு வெள்ளைக்கும் நிறத்துக்கும் மாறிமாறித் தாவும், ஒவ்வொரு தாவலும் ஓர் அறிவிப்பு. இரவில் கமராப் பக்க முனையில் மல்ரிமீற்றரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 11 வோல்ற்றுக்குக் கீழே நின்றால் பிழை வயரில். தடித்த வயர் இழுக்க வேண்டும், அல்லது அடப்டரைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டும்.

நேர அட்டவணையையும் பாருங்கள். அட்டவணை ஓடுவது டிவிஆரின் கடிகாரத்தில், உங்கள் போனின் நேரத்தில் அல்ல. நேர வலயம் +5:30 ஆக இருக்கவேண்டும். கோடைகால நேரமாற்றத்துக்கான பெட்டியில் சரி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கோண்டாவிலில் இரவு 11 மணி என்பது உங்களுக்குக் குளிர்காலத்தில் பகல் 12.30, கோடையில் 1.30. இரவு 11 முதல் காலை 5 வரைக்கு மட்டும் அறிவிப்பை வைத்தால், அது உங்கள் வேலை நேரத்தில்தான் வரும். அதைக் கவனிக்கக்கூடிய ஒருவரை ஊரிலும் செயலியில் சேர்த்துவிடுவது நல்லது. அறிவிப்பைப் பார்த்துவிட்டு ரொறன்ரோவிலிருந்து ஒருவரும் மதில் ஏறிக் குதிக்கப் போவதில்லை.

கேள்வி: ஆளையும் நாயையும் பிரித்தறியும் "ஏஐ கமரா" என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். சாதாரண கமராவைவிட விலை நல்லாகக் கூட. என்னிடம் பழைய டிவிஆர் ஒன்று உண்டு. எடுக்கலாமா? (சாவகச்சேரி)

பதில்: கடைக்காரரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "ஆளா நாயா என்று பார்ப்பது எந்தப் பெட்டி?" கமராவுக்குள்ளேயே பார்க்கலாம், ரெக்கோடருக்குள் பார்க்கலாம், நிறுவனத்தின் கிளவுட்டில் பார்க்கலாம். மூன்றாவதற்கு இன்ரநெற் அறாமல் இருக்கவேண்டும். பல நிறுவனங்கள் அதற்கு மாதச் சந்தாவும் கேட்கும்.

ரீவி அன்ரனா வயர் போன்ற கேபிளில் ஓடும் கமராக்களில் இந்த வேலையைச் செய்வது பொதுவாக டிவிஆர்தான். ஆகவே உங்கள் பழைய பெட்டியை வைத்துக்கொண்டு கமராவுக்குக் காசைக் கொட்டினால் கிடைப்பது வெறும் தெளிவான படம் மட்டும். மாற்றவேண்டியது டிவிஆரை. ஹிக்விஷனில் அக்யூசென்ஸ், டாஹுவாவில் எஸ்எம்டி பிளஸ் என்ற பெயர்களைத் தேடுங்கள். இருக்கிற கமராவும் வயரும் பெரும்பாலும் அப்படியே பாவிக்கலாம். ஒரு பொறி இருக்கிறது: எட்டுச் சனல் பெட்டி (எட்டு கமரா இணைக்கக்கூடியது) என்றாலும் எட்டிலும் ஆளைப் பிரித்தறியும் என்பதில்லை. எத்தனை சனலுக்கு என்பது மொடல் விபரத் தாளில் இருக்கும். அதைக் காட்டச் சொல்லி வாசியுங்கள்.

நெட்வேர்க் கேபிளில் ஓடும் ஐபி கமரா என்றால் ஆய்வு பொதுவாகக் கமராவுக்குள் நடக்கும். அங்கே வேறொரு சிக்கல். ஒரு நிறுவனத்தின் கமராவை இன்னொரு நிறுவனத்தின் என்விஆரோடு (ஐபி கமராக்களுக்கான பதிவுப் பெட்டி) ஒன்விஃப் என்ற பொதுத் தொடர்பு முறை வழியாக இணைத்தால் படம் வரும்; ஆனால் "ஆள் கோட்டைத் தாண்டினார்" என்ற தகவல் பல வேளைகளில் வராது, வெறும் அசைவு மட்டும் வரும். இரண்டையும் ஒரே நிறுவனத்தில் எடுப்பதே தலையிடி குறைந்த வழி.

காசு கொடுக்க முன்னர், நீங்கள் எடுக்கப்போகும் அதே கமராவையும் அதே பெட்டியையும் கடை மேசையில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். முன்னால் ஒரு கடதாசி மட்டையை ஆட்டுங்கள், பெட்டி பேசாமல் இருக்கவேண்டும். ஆள் நடந்தால் அறிவிக்கவேண்டும். இதைக் காட்டத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

பற்றுச்சீட்டில் "ஏஐ கமரா 4" என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். முழு மொடல் இலக்கம், தொடரிலக்கம், கமரா, ரெக்கோடர், ஹாட் டிஸ்க், அடப்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உத்தரவாதக் காலம், மின்னலால் பழுதானால் பொறுப்பேற்பார்களா என்பது எல்லாம் எழுத்தில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்குப் பிறகுதான் அந்தக் கடைசி வரியின் அருமை தெரியும். சொன்ன பொருளைத் தராமல் ஏய்த்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். கையில் மொடல் இலக்கம் இல்லாவிட்டால் அங்கேயும் எதை வைத்துப் பேசுவது?

பூட்டும் உயரம் தரையிலிருந்து இரண்டரை முதல் மூன்றரை மீற்றர். மேல்மாடி விளிம்பிலிருந்து செங்குத்தாகக் கீழே பார்த்தால் தெரிவது தலையும் தோளும் மட்டும். அதை ஆளென்று அடையாளம் காண்பது எந்தப் பெட்டிக்கும் கடினம். ஆளின் உருவம் படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்காவது வரவேண்டும். இன்னொன்று: கட்டுகிற வீடுகளில் தொங்கவிடும் வெருளியைக் காற்று ஆட்டினால் சில பெட்டிகள் அதையும் ஆளென்று எடுத்துவிடும். அதைக் கமராவின் பார்வையிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

கேள்வி: பற்றரியில் ஓடும் வைஃபை கமராவைக் கேற்றில் ஒழுங்கையைப் பார்க்கப் பூட்டினோம். மோட்டார் சைக்கிளில் வருபவர் வந்து, இறங்கி, கேற்றைத் திறந்த பிறகுதான் படம் தொடங்குகிறது. (பருத்தித்துறை)

பதில்: அந்த வகை, பற்றரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிக்கொண்டிருக்கும். ஆளின் உடற்சூட்டை உணரும் சென்சர் தட்டியெழுப்பிய பிறகுதான் பதிவு தொடங்கும். அந்த சென்சர் குறுக்கே போகும் உருவத்தை நன்றாகப் பிடிக்கும்; நேரே தன்னை நோக்கி வருவதைப் பிந்தித்தான் பிடிக்கும். ஒழுங்கையை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில், ஆள் படத்துக்குக் குறுக்கே நடக்கும்படி திருப்பிப் பூட்டுங்கள். மத்தியான வெயிலில் சுற்றுச்சூழலின் சூடும் உடற்சூடும் கிட்டக்கிட்ட வருவதால் அப்போது இன்னும் மந்தமாகும். கேற்றுக்கு மின் இழுக்க வசதியிருந்தால் வயர் கமராதான் சரி. கடற்காற்று என்பதால் இணைப்புகளைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வையுங்கள்.

கேள்வி: கஸ்தூரியார் வீதியில் கடை. ஷட்டருக்கு முன்னால் லைன் கிராசிங் (படத்தில் கீறிய கோட்டை ஆள் தாண்டினால் அறிவிப்பது) போட்டிருக்கிறோம். ஒரு இரவு யாரோ வந்து பூட்டை ஆட்டிப் பார்த்திருக்கிறார். பதிவில் அவர் திரும்பிப் போகும் முதுகு மட்டும்தான் இருக்கிறது. ஏன்?

பதில்: கோடு படத்தின் விளிம்பில், அல்லது ஷட்டரோடு ஒட்டி இருந்திருக்கும். ஒருவர் கோட்டைத் தாண்டினார் என்று சொல்ல, தாண்டுவதற்கு முன்னும் பின்னும் அவரைச் சற்று நேரம் பின்தொடர்ந்திருக்க வேண்டும். கோட்டின் இருபக்கமும் ஒன்றிரண்டு மீற்றர் நடை தெரியும்படி நடுவில் போடுங்கள். திசையையும் பாருங்கள், வெளியே போகும் திசைக்கு மட்டும் வைத்திருந்தால் உங்களுக்கு வந்தது போன்ற முதுகுதான் கிடைக்கும். ஷட்டர் முன்றலுக்குக் கோட்டைவிட இன்ட்ரூஷன் பகுதி, அதாவது குறித்த இடத்துக்குள் ஆள் நுழைந்தால் அறிவிப்பது, பொருத்தம். அதில் காத்திருப்பு நேரத்தை 0 அல்லது 1 செக்கனாக வையுங்கள். அசைவுக்கு முந்திய பதிவு 10 செக்கன், பிந்திய பதிவு 30 செக்கன்.

ஆனால் கடைக்கு அசைவுப் பதிவை மட்டும் நம்பியிருப்பது பிழை. தொடர்ச்சியாகப் பதியுங்கள், அசைவை அந்தப் பதிவில் தேடுவதற்கான அடையாளமாக மட்டும் பாவியுங்கள். இடம் போதாது என்று பயமுறுத்துவார்கள். கணக்கைப் பாருங்கள்: 1080பி கமரா எச்.265 என்ற சுருக்க முறையில் 2 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 2 மெகாபிற்) வேகத்தில் நாளொன்றுக்கு 21.6 ஜிபி எடுக்கும். நாலு கமராவுக்கு 86.4 ஜிபி. 1 ரிபி (1000 ஜிபி) டிஸ்க்கில் பதினொரு நாள், 4 ரிபியில் நாற்பத்தாறு நாள். கணினி டிஸ்க் வேண்டாம். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹோக் போல இதற்கென்றே வருவதை எடுங்கள்.

அறிவிப்பு அட்டவணையும் பதிவு அட்டவணையும் இரு வேறு பக்கங்கள் என்பதையும் மறக்காதீர்கள். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. போனுக்கு அறிவிப்பு வந்தும் டிஸ்க்கில் படம் இல்லாவிட்டால் முதலில் அங்கே பாருங்கள்.

கேள்வி: எங்கள் பின்பக்கக் கமராவில் பக்கத்து வளவுக் கிணற்றடி தெரிகிறதென்று அயலவர் சண்டைக்கு வருகிறார். அந்தப் பகுதியின் கட்டங்களை அழித்துவிட்டோம். போதாதா? (மானிப்பாய்)

பதில்: போதாது. கட்டத்தை அழித்தால் அங்கே அசைவு எண்ணப்படாது, அவ்வளவுதான். படம் தொடர்ந்து பதிவாகும். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. மெனுவில் பிரைவசி மாஸ்க் என்று தனியாக இருக்கிறது. அதில் கிணற்றடியின் மேல் கறுப்புப் பெட்டி போட்டால் அந்தப் பகுதி டிஸ்க்கிலும் ஏறாது, போனிலும் தெரியாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுத் தேவைக்கான தரவுகளுக்கு விலக்களிக்கிறது என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். கமராவை ஒரு சாண் கீழே திருப்பி, மீதி தெரிவதை மாஸ்க்கால் மூடி, அயலவரைக் கூப்பிட்டுத் திரையில் காட்டிவிடுங்கள். கமராவைத் துடைத்தோ திருப்பியோ அசைத்த ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டி சரியான இடத்தில்தான் நிற்கிறதா என்று பாருங்கள். கமரா திரும்பினாலும் பெட்டி படத்தில் பழைய இடத்திலேயே இருக்கும்.