ஏழைங்க தெருவுக்கு சைக்கிள் வந்துச்சா?

கேள்வி: சார், என் பொண்ணு நியூஜெர்சில இருக்கா. நியூயார்க் போனப்போ ரோட்டோரமா வரிசையா நீலக்கலர் சைக்கிள் நிக்குது, காசு கட்டி யார் வேணா எடுக்கலாம்னு சொன்னா. அங்க இருக்கற ஏழைங்களும் இத ஓட்டுறாங்களா, இல்ல ஆபீஸ் போறவங்களுக்கு மட்டுந்தானா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஓட்டுறாங்கம்மா, ஆனா அவங்க கைக்கு அது வர ரொம்ப நாளாச்சு. சிட்டி பைக்னு பேரு, ஸ்பான்சர் பண்ணது சிட்டி பேங்க். 2013 மே மாசம் ஆரம்பிச்சப்போ ஸ்டாண்டெல்லாம் மன்ஹாட்டன்ல 60வது தெருவுக்கு தெக்கால, அப்புறம் புரூக்ளின்ல கொஞ்சம், அதாவது ஆபீஸும் டூரிஸ்டும் இருக்கற பக்கமாத்தான் வந்துச்சு. நியூயார்க்லயே ஏழ்மை அதிகமான பிராங்ஸ்ங்கற பகுதிக்கு முத ஸ்டாண்டு வந்தது 2020ல. ஏழு வருஷம்! பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அரசாங்கம் பணம் போடுது, இத நடத்த போடல, ஸ்பான்சர் காசுலயும் சந்தாவுலயும்தான் ஓடணும்னு விட்டுட்டாங்க, அப்போ வசூல் எங்கயோ அங்கதான மொதல்ல போவாங்க, எனக்கு இதுதான் பெரிய தப்பா தெரியுது.

சலுகை இல்லாம இல்ல. வருஷ சந்தா இப்போ 200 டாலருக்கு மேல, அரசு குடியிருப்புல இருக்கறவங்களுக்கும் உணவு உதவி வாங்கறவங்களுக்கும் மாசம் 5 டாலர்தான். ஆனா விலைய குறைச்சா மட்டும் ஆச்சா? பயம்னு ஒண்ணு இருக்கே. சைக்கிள திருப்பி விடும்போது முன்சக்கரத்த ஸ்டாண்டுல நல்லா தள்ளி சொருகணும், பச்சை லைட் எரிஞ்சாதான் லாக் ஆச்சுன்னு அர்த்தம். எரியாம விட்டுட்டு போயி யாராவது தள்ளிட்டு போயிட்டா, தொலைஞ்ச கணக்குல 1,200 டாலர் வரைக்கும் நம்ம தலையில விழலாம். வாரக்கூலி வாங்கறவரு அந்த லைட்ட எப்படி பாத்துட்டு நிப்பாருன்னு யோசிச்சு பாருங்க, வாடகையே போயிடும்.

பிலடெல்பியான்னு இன்னொரு அமெரிக்க ஊர்ல 2015ல இதே மாதிரி சைக்கிள் திட்டம் இண்டிகோன்னு ஆரம்பிச்சாங்க, அவங்க கொஞ்சம் யோசிச்சு செஞ்சாங்க. பேங்க் கார்டு இல்லாதவங்க பக்கத்து கடையில ரொக்கமா காசு கட்டலாம்னு ஆரம்பத்துலேர்ந்தே வச்சாங்க, முத வருஷமே வருமானம் கம்மியான ஏரியாக்கள்லயும் ஸ்டாண்டு போட்டாங்க. ஸ்டாண்டு நடக்கற தூரத்துல இருக்கணும், கையில இருக்கற காசுல கட்ட முடியணும், இந்த ரெண்டும் இல்லாம 5 டாலர் சலுகைய மட்டும் குடுத்து என்ன புண்ணியம்?

உங்க பொண்ணு அடுத்த தடவ ஓட்டினா, பச்சை லைட் எரியற வரைக்கும் அந்த இடத்த விட்டு நகர வேண்டாம்னு சொல்லுங்கம்மா.