முதியோர் இல்லத்தில் சரியாகக் கவனிக்காமல் அம்மாவுக்குப் படுக்கைப் புண் வந்துவிட்டது. "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகும் வழக்குப் போட முடியுமா?

முடியும். நாகர்கோவிலிலேயே முடியும். கையெழுத்தைக் காட்டித்தான் எங்களையும் முதலில் மிரட்டிப் பார்த்தார்கள்.

நான் வக்கீல் இல்லை, தக்கலை பக்கம் தனியார் பள்ளி ஒன்றில் டீச்சர். நுகர்வோர் ஆணையத்தில் ஒரு வழக்கை ஆரம்பம் முதல் கடைசி வரை நடத்தியவள் என்ற தகுதியில் மட்டும் எழுதுகிறேன். பிரிவு எண்களில் பிழை பிடிக்க வரும் சட்ட மாணவர்கள் தாராளமாகக் கருத்தில் எழுதுங்கள், ஆனால் கேட்டவருக்கு உதவும்படி எழுதுங்கள்.

கேள்வியில் விவரம் அதிகம் இல்லை. என்றாலும் உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஆண்பிள்ளை கல்ஃபில் இருப்பார், மாதாமாதம் பணம் அனுப்புவார். பெண்பிள்ளை உள்ளூரில் வேலைக்குப் போவாள். ஹோம் நர்ஸ் வைத்தால் இரண்டு மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடுவாள். கடைசியில் ஹோமில் சேர்த்தால் சர்ச்சில் இருந்து சந்தை வரைக்கும் "பெத்த அம்மைய கொண்டு தள்ளிட்டாளே" என்று பேச்சு. இந்தப் பேச்சுக்குப் பயந்தே பாதிப் பேர் புகார் கொடுப்பதில்லை. இல்லம் நடத்துகிறவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

எங்கள் அம்மாவுக்கு வீட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து, நடமாட்டம் வரும்வரை என்று மார்த்தாண்டம் பக்கம் ஒரு இல்லத்தில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். சும்மா தங்கும் இடமில்லை, 'நர்சிங் வசதியுடன்' என்று போர்டு வைத்து, அதற்கென்று தனியாகப் பணம் வாங்கிய இடம். ஏர் பெட் வாடகை, டயப்பர், நர்சிங் சார்ஜ் என்று ரசீதில் தனித்தனி வரி இருக்கும். அந்த வரிகள் எவ்வளவு பெறுமதி என்று பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் நான் போனபோது கட்டிலைச் சுற்றி ஒரே குட்டிக்கூரா பவுடர் மணம். அம்மா பவுடர் போடுகிற ஆளே இல்லை. பக்கத்தில் குனிந்தால் அதற்கு அடியில் வேறு ஒரு வாடை. ஒருக்களித்துத் திருப்பிப் பார்த்தேன். வால் எலும்புக்கு மேலே பஞ்சு காய்ந்து நைட்டியோடு ஒட்டிப்போய் இருந்தது. தண்ணீர் நனைத்து மெல்ல எடுத்தால் உள்ளங்கை அகலத்துக்குப் புண், ஓரம் கறுத்து, நடுவில் குழி. ஏர் பெட்டின் பம்ப் வயர் பிளக்கில் சொருகப்படாமல் கட்டில் காலில் சுற்றிக் கிடந்தது. போட்டோ எடுத்துவிட்டு ஆட்டோ பிடித்து ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனேன். டாக்டர் சீட்டில் 'கிரேடு 3' என்று எழுதினார். தோல் முழுதும் போய் உள்ளே கொழுப்பு தெரியும் நிலை. "இது நேத்து வந்த புண்ணில்ல, டீச்சர்" என்றார்.

இல்லத்தின் மேனேஜரிடம் கேட்டதற்கு வந்த பதில்: "சுகர் உள்ள ஆளுவளுக்கு இதெல்லாம் வரத்தான் செய்யும். எம்பது வயசாச்சுல்லா?" நியாயமாகச் சொன்னால் இதில் பாதி உண்மை. நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் சிலருக்குப் படுக்கைப் புண் வரும். அதனால் புண் இருக்கிறது என்பதை வைத்து மட்டும் வழக்கு நிற்காது. வராமலிருக்க என்ன செய்தார்கள், வந்த பிறகு யாரிடம் சொன்னார்கள் என்பதுதான் கேள்வி. படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும் என்பது நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுப்பது. அங்கே ராத்திரி வேலை பார்த்த ஆயா வாசலில் வைத்து என்னிடம் சொன்னது இது: "ராத்திரி நான் ஒருத்திதான் டீச்சர். ஹால் நெறைய கட்டிலு. யாரத் திருப்பிப் போட, யாரத் தூக்க?" அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் கிடையாது. வழக்கில் அவர் பெயரைச் சேர்க்கவும் இல்லை.

நான் விடாமல் கேட்டதும் மேனேஜர் குரல் மாறியது. "ரொம்பப் பேசினியன்னா, அம்மைய கைவிட்டதுக்கு உங்க மேலயே கேஸ் வரும், பாத்துக்கிடுங்க." எனக்குக் கை நடுங்கியது உண்மை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் சொன்ன சட்டம் இருக்கத்தான் செய்கிறது. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 24ஆம் பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அது முற்றிலுமாகக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போகிறவருக்கு. மாதம் பிறந்தால் பணம் கட்டி, வாரம் தவறாமல் போய்ப் பார்க்கிறவர் எப்படிக் கைவிட்டவர் ஆவார்? உங்களிடமும் இதைச் சொல்வார்கள். சொன்னால், எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். எழுத மாட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம். "இது சிவில் மேட்டர்" என்று சொல்லி புகாரை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று தந்தார்கள். அதோடு நின்றது. அலட்சியத்தால் காயம் உண்டாக்குவது குற்றம்தான். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்ததென்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவு, உயிர் போயிருந்தால் 106. ஆனால் குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். குற்றம் சாட்டப்படுவது டாக்டர் மேல் என்றால் இன்னும் கஷ்டம். சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியமாக இருக்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். நீங்கள் உடனே புகார் சொன்னீர்கள் என்பதற்கு அது சாட்சி.

எங்களுக்குச் சரிப்பட்டது நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'சேவைக் குறைபாடு' என்பதற்குள் அலட்சியமும் வருகிறது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே நின்றும் பேசலாம், ஆனாலும் நாங்கள் வைத்தோம். இன்னொன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இல்லம் கேரளாவில் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்து நாகர்கோவிலில் மனுப் போடலாம். பழைய சட்டத்தில் அந்த வசதி இல்லை. எதிராளி இருக்கும் ஊருக்கோ சம்பவம் நடந்த ஊருக்கோதான் அலைய வேண்டும்.

அவர்கள் பக்கத்து வக்கீல் எடுத்த முதல் வாதம், நான் நுகர்வோரே இல்லை என்பது. பணம் மஸ்கட்டில் இருக்கும் தம்பி கணக்கிலிருந்து போயிருக்கிறது, ரசீதும் அவன் பெயரில். எங்கள் வக்கீல் சிரித்துக்கொண்டே பிரிவை எடுத்துக் காட்டினார். பணம் கொடுத்தவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பெறுகிறவரும் நுகர்வோர்தான். அதாவது அம்மாவே நுகர்வோர். வழக்கு நடக்கும்போதே அம்மா வேறு நோயில் இறந்துபோனார்கள். அப்போதும் வழக்கு விழவில்லை, சட்ட வாரிசாக நானும் தம்பியும் தொடர்ந்தோம்.

இரண்டாவது வாதம் நீங்கள் கேட்டிருக்கும் கையெழுத்து. அந்தத் தாளை லேமினேட் செய்தே கொண்டுவந்திருந்தார்கள்! ஒப்பந்த நிபந்தனையே நியாயமற்றது, செல்லாது என்று அறிவிக்க வேண்டுமானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும், மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. எங்கள் வக்கீல் அந்தப் பக்கமே போகவில்லை. "நர்சிங் சார்ஜ் என்று வாங்கியிருக்கிறீர்கள், நர்சிங் எங்கே?" என்று ரசீதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

வழக்கைத் திருப்பியது ஒரு சார்ட். திருப்பிப் போட்ட நேரத்தைக் குறிக்கும் தாளை ஆரம்பத்தில் எவ்வளவு கேட்டும் தரவில்லை. ஆணையத்தில் மனுப் போட்டு, தாக்கல் செய்ய உத்தரவு வாங்கினோம். வந்தது. ஒரே நீல மை, ஒரே கை, இரண்டு மணிக்கு ஒரு டிக், ஒரு நாள் தப்பவில்லை. பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. பிறகு தேதிகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். பரீட்சைத் தாள் திருத்துகிற பழக்கம் இல்லாவிட்டால் கண்ணில் பட்டிருக்காது. எலும்பு டாக்டரிடம் காட்ட ஆசாரிப்பள்ளம் கூட்டிப்போன நாள் ஒன்று இருந்தது. காலையில் போனவர்கள் எக்ஸ்ரே எடுத்துத் திரும்பும்போது வைகிட்டு ஆகிவிட்டது. ஓ.பி. சீட்டில் தேதி முத்திரை இருக்கிறது. இங்கே சார்ட்டில் பத்து மணிக்கு டிக், பன்னிரண்டுக்கு டிக், இரண்டுக்கு டிக். ஆளில்லாத கட்டிலில் யாரைத் திருப்பிப் போட்டார்கள் என்று எங்கள் வக்கீல் கேட்டதற்கு அந்தப் பக்கத்திலிருந்து பதிலே வரவில்லை.

அதனால் பழைய ஓ.பி. சீட்டு, மருந்துக் கடை பில், ஆட்டோவுக்கு ஜிபே செய்த ரசீது எதையும் கிழித்துப் போடாதீர்கள். போட்டோவை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டு போனில் அழித்துவிடாதீர்கள், எடுத்த போனே கையில் இருக்கட்டும். போனில் எடுத்த போட்டோ போன்ற மின்னணுச் சாட்சிக்கு, பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்று கேட்பார்கள், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். ஒரு மாதக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம், 'புகார் எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுங்கள் என்று வருவார்கள். அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் கையெழுத்தை விட இதுதான் ஆபத்து.

மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அதை நம்பி லீவு எடுக்காதீர்கள். வாய்தா வாய்தாவாக இழுத்து, கடைசியில் எங்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. லட்சோபலட்சம் இல்லை. கட்டிய பணமும், மருத்துவச் செலவும், மன உளைச்சலுக்கு ஒரு தொகையும், வழக்குச் செலவும். அப்பீல் போவோம் என்றார்கள். போக வேண்டுமானால் உத்தரவான தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும், 45 நாள்தான் கெடு. போகவில்லை, கட்டிவிட்டார்கள்.

வழக்குக்குப் போய் வந்த கதையில் இதையும் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போவதற்குள் உயிர் போய் உயிர் வரும். மலையை உடைத்து கேரளாவுக்கு ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ரோட்டில் குழியா, குழியில் ரோடா தெரியாது. புண்ணோடு அம்மாவை ஆட்டோவில் கொண்டுபோன அன்றைக்கும் இந்த லாரிகளுக்குப் பின்னால்தான் நின்றோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அம்மா என் கையைப் பிடித்து நெரித்தார்கள். வருடக்கணக்கில் மனு கொடுத்தும் லாரி மட்டும் குறையவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும்.

எல்லா இல்லமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. சிஸ்டர்மார் நடத்தும் இலவச இல்லம் ஒன்றில் எங்கள் பெரியம்மா கடைசிவரை ஒரு புண் இல்லாமல் இருந்தார்கள். உங்கள் அம்மா இருப்பது அப்படி எல்லோருக்கும் இலவசமான இடம் என்றால் மேலே சொன்ன வழி பொருந்தாது, பணம் வாங்காத சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது. அப்போது மாவட்ட சமூகநல அலுவலரிடமோ, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலோ மனுக் கொடுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் நாகர்கோவில் கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

"மகள் வீட்டில் வைத்துப் பார்த்திருக்கலாமே" என்று கீழே எழுத ஆள் வருவார்கள், எனக்கு எழுதினார்கள். எண்பது வயதுக்காரியைப் பகல் முழுக்கத் தனியாக வீட்டில் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்க வேண்டுமா என்று மட்டும் அவர்களைக் கேட்கிறேன்.

நீங்கள் முதலில் அம்மாவை அங்கிருந்து மாற்றுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, புண்ணின் அளவையும் கிரேடையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு சேர்த்த நாள் முதல் உள்ள நர்சிங் பதிவேட்டின் நகல் கேட்டு இல்லத்துக்கு ரெஜிஸ்ட்ரேஷன் வசதியோடு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள், டெலிவரி ஆனதற்கான சான்றோடு. பதில் வராவிட்டாலும் கவலை இல்லை, அந்தச் சான்று கையில் இருந்தால் போதும்.