மாமியாரின் கால்சியம் மாத்திரையும் ஏகாதசிப் பட்டினியும்

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. அல்சைமர் என்று சொல்லியிருக்கிறார்கள். எலும்புத் தேய்மானத்துக்குக் கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறார். மூளை செல்லில் கால்சியம் கூடுவதால்தான் இந்த நோய் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. மாத்திரையை நிறுத்தலாமா? ஏகாதசிக்கு முழுப் பட்டினி இருந்தால் 'ஆட்டோபேஜி' நடந்து மூளைக் கழிவு போய்விடும் என்கிறார் நாத்தனார். சரியா?
வாசகி, கும்பகோணம்

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. ரத்தத்தில் கால்சியம் கூடாமல் குறையாமல் பாராதைராய்டு சுரப்பிகள் பார்த்துக்கொள்கின்றன. நரம்பு செல்லுக்குள் இருப்பதோ, வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த வித்தியாசத்தைக் காக்கும் ஏற்பாடு அல்சைமரில் குலைகிறது. அது செல்லுக்குள் நடக்கும் கோளாறு, மாத்திரையால் வருவதல்ல. ரத்தக் கால்சியம் மிகவும் ஏறினால் மனக்குழப்பம் வரும் என்பது உண்மைதான். சந்தேகமிருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

பட்டினி விஷயம்தான் எனக்குக் கவலை. ஜப்பானின் யோஷினோரி ஓசுமி, ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டு ஆட்டோபேஜிக்கான மரபணுக்களைக் கண்டறிந்தார். 2016இல் நோபல் பரிசு கிடைத்ததும் விரதப் பேச்சு கிளம்பிவிட்டது. செல் தன் பழுதான புரதங்களை ஒரு பைக்குள் சுற்றி, லைசோசோம் என்ற அமிலப் பையோடு சேர்த்துச் செரிப்பதுதான் ஆட்டோபேஜி. அல்சைமர் மூளையில் நரம்பு இழைகளுக்குள் அந்தப் பைகள் செரிக்காமல் குவிந்து கிடப்பதை 2005இல் அமெரிக்க ஆய்வாளர் ரால்ஃப் நிக்சனின் குழு காட்டியது. குப்பை வண்டிகள் கிடங்கு வாசலிலேயே வரிசைகட்டி நிற்கிற நிலை அது. கூடுதலாக வண்டி அனுப்பி என்ன பயன்?

செரிமானம் ஏன் நிற்கிறது? பரம்பரை அல்சைமரில் பழுதாகும் பிரசெனிலின் புரதம் ஒரு காரணம். அது கெட்டால் லைசோசோமில் அமிலம் குறைகிறது என்றது நிக்சன் குழு, வேறு சிலர் மறுத்தார்கள். ஆனால் லைசோசோமின் கால்சியம் குலைகிறது என்பதை இரு தரப்புமே சொல்கின்றன. உங்கள் இரண்டு கேள்விகளும் இங்கேதான் ஒன்றுசேர்கின்றன.

கால்சியம் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கும் ரத்த அழுத்த மருந்தான நில்வாடிபினை ஐரோப்பாவில் 511 நோயாளிகளிடம் 18 மாதம் சோதித்தார்கள். 2018இல் வந்த முடிவு: மறதி குறையவில்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

அல்சைமர் முதியவர்கள் பட்டினி இல்லாமலே இளைப்பார்கள். சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுபவரானால் பட்டினி ஆபத்து. ஏகாதசி அவருக்கு முக்கியமென்றால் பால், பழம், அவல் தாராளமாகக் கொடுங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். குறைந்துகொண்டே போனால் அடுத்த முறை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.