குடிக்கு அடிமையானவருக்கு மது விற்கக் கூடாது என்று எந்த நாட்டிலாவது சட்டம் இருந்திருக்கிறதா? அதனால் பலன் கிடைத்ததா?

இருந்திருக்கிறது. இதை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் அம்மா. அப்பா வழக்கமாகக் குடிக்கும் கடைக்கு ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போய், "அண்ணே, எங்க வீட்டுக்காரர் வந்து கேட்டா இல்லைன்னு சொல்லிடுங்க" என்று கெஞ்சினார். "நான் இல்லைன்னா அடுத்த கடைக்குப் போவாரும்மா" என்று கடைக்காரர் பேச்சை முடித்துவிட்டார்.

அம்மா கேட்டதை இங்கிலாந்தில் சட்டமாகவே எழுதியிருந்தார்கள். 1902ஆம் ஆண்டு மது உரிமச் சட்டம் அது. குடிபோதை வழக்குகளில் திரும்பத் திரும்பத் தண்டனை பெற்ற ஒருவரை 'வழக்கமான குடிகாரர்' என்று நீதிமன்றம் முடிவு செய்தால், மூன்று ஆண்டுகளுக்கு அவர் மது வாங்கக் கூடாது. மீறி வாங்க முயன்றால் முதல் முறை 20 ஷில்லிங் (அதாவது ஒரு பவுண்டு) வரை அபராதம். தெரிந்தே விற்ற கடைக்காரருக்கு 10 பவுண்டு வரை, மறுபடி மாட்டினால் 20 பவுண்டு வரை.

பர்மிங்காம் நகரில் இதற்காக அச்சடித்த தாள்கள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு தாளிலும் ஒருவருடைய படம், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கீழே பெயர், வேறு பெயர்கள், வேலை செய்யும் இடம், உயரம், முடி, கண், மூக்கின் வடிவம், முகத்தின் வடிவம், உடம்பில் உள்ள அடையாளங்கள். இதைக் கடைகளுக்கு அனுப்பி, ஆளைப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பெண்களும் அதில் நிறையப் பேர். அந்த முகங்களை என்னால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை. உதவி தேவைப்பட்டவர்களைக் குற்றவாளிகளைப்போல் நிற்க வைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள்.

பலன்? 'தெரிந்தே' என்ற சொல்லில்தான் ஓட்டை. கூட்டம் நெரியும் நேரத்தில் எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று கடைக்காரர் சொன்னால், தெரிந்துதான் விற்றார் என்று எப்படி நிரூபிப்பது? ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பகுதி இருந்தது. குடிகாரக் கணவரைப் பிரிந்து வாழ மனைவி நீதிமன்றத்தில் உத்தரவு கேட்கலாம். என்னைக் கேட்டால், அந்தப் படத் தாள்களைவிட அதுதான் பெரிய விஷயம்.

குடிப்பவரைத் துரத்துவதை விட்டுவிட்டு, விற்பவரையும் சம்பளம் கொடுப்பவரையும் பிடித்த சட்டங்கள்தான் உருப்படியானவை என்று எனக்குத் தோன்றுகிறது. லண்டனில் தேம்ஸ் ஆற்றுக் கப்பல்களிலிருந்து நிலக்கரி இறக்கும் கூலிகளுக்கு வேலை பிடித்துக் கொடுத்தவர்களே மதுக்கடைக்காரர்கள்தான். அவர்கள் கடையில் குடித்தால்தான் மறுநாள் வேலை. குடிக்கப் பிடிக்காதவரும் குடித்துத்தான் ஆக வேண்டும். 1843இல் ஒரு சட்டம் போட்டு, அவர்களுக்கு வேலை கொடுப்பதைத் தனி அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அதற்கு முந்தின ஆண்டுதான் சுரங்கத் தொழிலாளிகளுக்கு மதுக்கடையில் வைத்துக் கூலி கொடுப்பதைத் தடை செய்திருந்தார்கள். 1883இல் அந்தத் தடை மற்ற தொழிலாளிகளுக்கும் வந்தது. சம்பளத்தைக் கையில் வாங்கும் இடமே மதுக்கடை என்றால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்? சம்பள நாளில் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

அப்புறம், "அடுத்த கடைக்குப் போவார்" என்பதற்கு சுவீடனில் ஒரு பதில் வைத்திருந்தார்கள். இவான் பிராட் என்ற மருத்துவர் கொண்டுவந்த முறை அது. நாடு முழுக்க இருந்தது. ஆளுக்கு ஒரு மதுப் புத்தகம். அதில் குறித்த ஒரே கடையில்தான் வாங்க முடியும், அதுவும் மாதத்துக்கு இவ்வளவு என்ற அளவில். வாங்குவதெல்லாம் அதில் பதிவாகும். மணமான பெண்களுக்குப் பொதுவாகப் புத்தகம் கிடையாது. அது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1955 அக்டோபரில் இந்த முறையை நீக்கியவுடன் குடிபோதை வழக்குகள் ஏகமாகக் கூடின.

எனக்கு மிகவும் பிடித்தது 1751இல் இங்கிலாந்தில் வந்த சட்டம். ஜின் என்ற மலிவான சாராயத்தின் மேல் இருந்த வெறி ஏழைகளை நாசம் செய்துகொண்டிருந்த காலம். ஒரே தடவையில் 20 ஷில்லிங்குக்குக் குறையாமல் வாங்கியிருந்தால் ஒழிய, சாராயக் கடனுக்காக வழக்குப் போட முடியாது என்று எழுதினார்கள். ஏழை யாரும் ஒரே மூச்சில் அவ்வளவுக்கு வாங்க மாட்டார். ஆக, கடைக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் கொடுத்தால் நஷ்டம் அவருக்குத்தான்.

அப்பா இறந்த பத்தாம் நாள் அந்தக் கடைக்காரர் ஒரு நோட்டுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பக்கம் பக்கமாக அப்பா பெயரில் சின்னச் சின்னத் தொகைகள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தோட்டைக் கழற்றி அடகு வைத்துக் கொடுத்து அனுப்பினார்.