ஒரு மணி நேரம் விசாரிக்கிற மருத்துவர்

அன்புள்ள ஐயா,

ரொறன்ரோவில் இருக்கும் என் அக்கா அங்கே ஓர் இயற்கை மருத்துவரிடம் போகிறார். முதல் நாளே ஒரு மணி நேரத்துக்கு மேலாக நித்திரை, சாப்பாடு, கவலை எல்லாவற்றையும் அவர் விசாரித்தாராம். என்னுடன் இருக்கும் அம்மாவுக்குப் பல வருடங்களாகச் சலரோகம். அம்மாவையும் அவரிடம் காணொளியில் காட்டினால் குளிசைகளை நிறுத்திவிடலாம் என்கிறார் அக்கா. அந்த மருத்துவரின் படிப்பு உண்மையான படிப்புத்தானா?

– ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரி,

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒன்ராறியோவில் 2007 இல் இயற்றப்பட்ட இயற்கை மருத்துவச் சட்டம் 2015 இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நான்கு வருடக் கல்லூரிப் படிப்பையும் பரீட்சைகளையும் முடித்துப் பதிவு செய்துகொண்டவர்களே அங்கே அந்தப் பெயரில் தொழில் பார்க்கலாம். பதிவேட்டை உங்கள் அக்காவே பார்த்துக்கொள்ளட்டும். பவேரியப் பாதிரியார் செபஸ்தியான் நைப்பின் தண்ணீர்ச் சிகிச்சையிலிருந்து கிளைத்த அந்த மரபில் ஆதாரம் உள்ளவையும் இல்லாதவையும் கலந்தே கிடக்கின்றன. அந்தச் சண்டைக்கு இன்று நான் வரவில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்த ஒரு மணி நேரம். கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் டொக்டரைச் சனல் பண்ணி, அதாவது முன்கூட்டிப் பதிந்து, நம்பர் எடுத்து, மாலை முழுவதும் காத்திருந்து உள்ளே போனால், நாம் நோயைச் சொல்லி முடிப்பதற்குள் மருந்துச் சீட்டு பாதி எழுதப்பட்டிருக்கும். அடுத்த நோயாளி கதவடியில் நிற்பார். பகல் முழுவதும் அரசாங்க ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வருகிற அந்த டொக்டரையும் என்னால் முழுதாகக் குறைசொல்ல முடியவில்லை.

எங்கள் ஊர்ப் பரியாரியார் நாடி பிடித்தபடியே அம்மாவிடம் முந்தின இரவு என்ன சமைத்தாய், பிள்ளை எத்தனை மணிக்குப் படுத்தான் என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் என் தம்பியின் வலது அடிவயிற்றை மெல்ல அழுத்தினார். கையைச் சட்டென்று எடுத்தபோதுதான் அவன் அலறினான். "இது என்ரை மருந்துக்கு அடங்காது, இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டு, காசு வாங்காமல் எழுந்துவிட்டார். அன்றிரவே குடல்வால் சத்திரசிகிச்சை நடந்தது. ஆறுதலாக இருந்து கேட்கிறவர்கள் பலர் உண்டு. தன் எல்லை வந்ததும் கையை எடுத்துவிடுகிறவரைத்தான் நான் வைத்தியர் என்பேன். ரொறன்ரோக்காரரையும் இதைக்கொண்டே அளந்து பாருங்கள்.

குளிசையை நிறுத்தலாம் என்று சொன்னது யார்? உங்கள் கடிதத்தின்படி அக்கா; மருத்துவர் அல்ல. இன்சுலினைக் கண்டெடுத்ததும் அதே ரொறன்ரோவில்தான், 1921 இல். 1922 ஜனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு அது முதன்முதலில் ஏற்றப்பட்டது. அதற்கு முன் அவனைப் போலச் சலரோகம் வந்த பிள்ளைகளை மருத்துவர்கள் கடும் பட்டினி உணவில் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் எலும்பும் தோலுமாகிச் செத்தார்கள். உணவுக் கட்டுப்பாடு அந்தக் காலத்தவருக்குத் தெரியாத வித்தையல்ல. உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது முதுமையை ஒட்டி வருகிற வகையாக இருக்கலாம். அதில் நடையாலும் உணவாலும் எடை குறைந்து மருந்தும் குறைவது உண்டு. ஆனால் இரத்தப் பரிசோதனை செய்து பார்த்து அதைக் குறைக்க வேண்டியவர் கிளினிக் டொக்டர்.

இன்னொன்றையும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கடிதம் முழுவதிலும் அக்கா சொல்கிறார், நீங்கள் யோசிக்கிறீர்கள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. குளிசை வயிற்றைப் பிரட்டுகிறதா, இரவில் கால் எரிகிறதா, யாருக்கும் தெரியாமல் இரண்டு நாள் விட்டுவிட்டுப் போடுகிறாரா என்று கேட்டீர்களா? ஒரே வீட்டில் இருக்கிற நீங்கள் கேட்காத ஒரு மணி நேரத்தைக் கடல் கடந்து வாங்கப் பார்க்கிறீர்கள்.

காணொளியில் தாராளமாகக் காட்டுங்கள். கிளினிக் கொப்பியையும் குளிசை மட்டைகளையும் கமராவுக்கு முன்னால் பிடியுங்கள். பாகற்காய்ச் சாறோ வெந்தயமோ அவர் சொன்னால், தொடங்குமுன் கிளினிக்கில் சொல்லுங்கள். சில சலரோகக் குளிசைகளோடு அவை சேரும்போது சீனி அளவுக்கு மீறி இறங்கி அம்மா மயங்கி விழக்கூடும். கிளினிக் டொக்டர் சொல்லும்வரை ஒரு குளிசையையும் நிறுத்த வேண்டாம்.