பாதியில் நிறுத்திய பிரார்த்தனை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 41 வயது. மதத்தை விட்டு விலகிப் பல வருடங்கள் ஆகின்றன. கடவுளே இல்லை என்று சொல்பவள் அல்ல நான், நம்மை மீறிய ஏதோ ஒன்று இருக்கிறது என்று உணர்கிறேன், தினமும் தியானத்தில் உட்காருகிறேன். ஆன்மிகம் உண்டு, மதம் கிடையாது, அவ்வளவுதான். இது ஏன் என் வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை?

அண்ணி என்னை "இரண்டுங்கெட்டான்" என்கிறார். அண்ணன், "நாத்திகம் என்றாவது தைரியமாகச் சொல்லேன்" என்று சிரிக்கிறார். அம்மா ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் நான் போனதும் பேச்சை மாற்றிவிடுகிறார், அது இன்னும் எரிச்சல். எல்லாரும் கூடி வழிபடும்போது நான் அடுத்த அறையில் இருப்பேன். யாரும் வந்து கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் போக மாட்டேன், அது வேறு விஷயம், ஆனால் கூப்பிடலாம் இல்லையா? சடங்கு எல்லாம் பயத்தில் பிறந்தது என்று எத்தனையோ முறை விளக்கிவிட்டேன், படிக்கப் புத்தகங்கள் கொடுத்தேன், யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீ ஏன் விளக்கிக்கொண்டே இருக்கிறாய்" என்று கணவர் கேட்கிறார், அவரும் அவர்கள் பக்கம்தான். இரண்டுங்கெட்டானாம்! அண்ணிக்கு என்ன தெரியும் என் தேடலைப் பற்றி?

சமீபத்தில் மகளுக்குத் திடீரென்று அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்தது (இப்போது நன்றாக இருக்கிறாள், அதைப் பற்றி எழுத வரவில்லை). கணவர் வெளியூரில். அன்று ராத்திரி தியேட்டர் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்த பிரார்த்தனை தானாக வாயில் ஓட ஆரம்பித்தது, பல்லைக் கடித்துப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அம்மாவுக்கு மறுநாள்தான் சொன்னேன், முன்னாலேயே சொன்னால் வேண்டுதல் அது இது என்று ஆரம்பித்துவிடுவார். அதிலிருந்து தியானம் கூடவில்லை, தூக்கமும் சரியில்லை. அது போகட்டும். மதம் சாராத ஆன்மிகமும் முழுமையான பாதைதான் என்று இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அண்ணிக்கு அத்தனை வரிகள் கொடுத்துவிட்டு, ஆபரேஷன் நடந்த ராத்திரியைச் சில வரிகளில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கிருந்து நகர முடியவில்லை.

உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இரண்டுங்கெட்டான் இல்லை. 2023-இல் பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில் எடுத்த கணக்கெடுப்பில், ஆன்மிகம் உண்டு ஆனால் மதம் இல்லை என்ற வகையில் 22 சதவீதம் பேர் வந்தார்கள். அங்கே ஐந்தில் ஒருவருக்கு மேல் உங்களைப் போன்றவர்கள். இது முழுமையான பாதையா என்றால், ஆம், அப்படி வாழ முடியும். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இந்தக் கேள்வி என்று நான் நினைக்கவில்லை.

குழந்தை உள்ளே இருக்கிறாள், கணவர் ஊரில் இல்லை, பயம் நெஞ்சை அடைக்கிறது. அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைப் பல்லைக் கடித்து நிறுத்தியிருக்கிறீர்கள். ஏன்? யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று இன்னொருவர் தீர்மானிப்பது பிடிக்காமல்தான் பலரும் மதத்தை விடுகிறார்கள். அன்று அந்தத் தீர்ப்பை நீங்களே உங்கள் மேல் எழுதிக்கொண்டீர்கள், அதுவும் கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

அந்தப் பிரார்த்தனை வந்ததால் உங்கள் கொள்கை பொய்யாகிவிடவில்லை. பக்கவாதத்தில் பேச்சை இழந்து, தன் பெயரைச் சொல்லவே திணறுபவர்கள்கூட எண்களை வரிசையாகச் சொல்லிவிடுவது உண்டு, சிறுவயதில் மனப்பாடமான பிரார்த்தனையைத் தடங்கலில்லாமல் ஒப்பிப்பதும் உண்டு. அப்படிப்பட்ட வார்த்தைகள் அவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன. பயம் வந்தால் மேலே வரும். அது மதத்தின் குரல் என்று நினைத்து நிறுத்தினீர்கள். எனக்கு அது உங்கள் அம்மாவின் குரலாகத்தான் கேட்கிறது. பயந்த ஒரு பெண் அம்மாவைத் தேடியிருக்கிறாள், அவ்வளவுதான்.

இனி சொல்வது உங்களுக்குக் கசக்கலாம். அம்மாவிடம் மறைத்தது சரியில்லை. பேத்தி ஆபரேஷனில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. வேண்டிக்கொள்வார், சரி, வேண்டிக்கொள்ளட்டுமே! பதற்றத்தில் அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான், அதுதான் அவருக்கு அன்பைச் சொல்லும் வழியும்கூட. உங்களைப் பார்த்ததும் அவர் பேச்சை மாற்றுவதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். என் பிரார்த்தனை இவளுக்கு அருவருப்பு என்று அவர் முடிவு செய்திருக்கலாம், நீங்கள் விளக்கிய விளக்கங்கள் அப்படி. பயத்தில் பிறந்தது என்று ஒருவருடைய வழிபாட்டை முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டே இருந்தால், அவர் எப்படி அடுத்த அறைக்கு வந்து உங்களைக் கூப்பிடுவார்?

வள்ளலாரை நினைத்துப் பாருங்கள். சாதி, சமயம், சடங்கு எல்லாவற்றையும் அவ்வளவு கடுமையாக உதறியவர். ஆனால் தனியே போய் உட்கார்ந்துவிடவில்லை, 1865-இல் சங்கம் தொடங்கினார், 1867-இல் பசித்தவர்களுக்காக வடலூரில் தருமசாலையில் அடுப்பு மூட்டினார். மதத்தை விட்டவர், மனிதர்களைச் சேர்த்துக்கொண்டே போனார். நீங்கள் மதத்தை விட்டபோது, மதம் கொடுத்துக்கொண்டிருந்த இன்னொன்றையும் சேர்த்து விட்டுவிட்டீர்கள்: பயப்படும்போது பக்கத்தில் வந்து உட்கார ஆள். "கூப்பிடலாம் இல்லையா" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். அந்த ஏக்கத்தில் தவறே இல்லை, அதற்காக நீங்கள் எதையும் நம்பத் தொடங்க வேண்டியதும் இல்லை.

இப்போதைக்கு யாருக்கும் எதையும் புரியவைக்க வேண்டாம், புத்தகங்களும் வேண்டாம். அம்மாவைத் தனியாகப் பார்த்து அந்த ராத்திரி நடந்ததைச் சொல்லுங்கள், வாயில் வந்ததையும், நிறுத்தியதையும். அவர் அழுதாலும் வேண்டிக்கொண்டாலும் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருங்கள். தியானம் கூடாவிட்டால் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள், குற்றமில்லை. இதற்குப் பிறகும் தூக்கம் வராமல் போனால் மட்டும் தள்ளிப்போடாமல் ஒரு மனநல நிபுணரை நேரில் பாருங்கள்.