கேள்வி பதில்: தாத்தாவோட மோரிஸ் மைனர கரண்ட்டுக்கு மாத்தலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க தாத்தா தோட்டத்துல கிராணியா இருந்தப்போ வாங்குன மோரிஸ் மைனர், 1098 சிசி, இன்னும் வீட்டு போர்ச்லதான் நிக்குது. இஞ்சின் பொகையா தள்ளுது, ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது. எலெக்ட்ரிக்கா மாத்திட்டா பெட்ரோல் காசு மிச்சம்னு கூட்டாளிங்க சொல்றாங்க. ஈப்போ போய்ட்டு வந்தாலே எனக்குப் போதும். செய்யலாமா?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, இத்தனை வருஷம் அந்தக் கார இரும்புக்கடைக்குப் போடாம காப்பாத்தி வெச்சிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். மாத்தலாம், ஆனா பெட்ரோல் மிச்சம்னு நெனச்சு மாத்தாதீங்க. இந்தக் கார் 100 கிலோமீட்டருக்கு சுமாரா 8 லிட்டர் குடிக்கும், மானிய விலையில 16 வெள்ளி பக்கம் வரும், அதே தூரத்துக்கு கரண்ட்டு 15 யூனிட் போகும்னு வைங்க, பில்லுல ஆறேழு வெள்ளி. 100 கிலோமீட்டருக்கு பத்து வெள்ளி மிச்சம்னா, லீவு நாள்ல மட்டும் எடுக்குற காருக்கு பேட்டரி காசு என்னிக்கு திரும்பி வர்றது?

பொகை தள்ளுதுன்னா இஞ்சின் போச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க. நீலப் பொகையா இருந்தா ஆயில் எரியுது, பிஸ்டன் ரிங்கோ வால்வு பக்கமோ தேஞ்சிருக்கும், நல்ல போர்மேனா பாத்து கம்ப்ரஷன் செக் பண்ணச் சொல்லுங்க. அது ஏ-சீரிஸ் இஞ்சின், 1951-லேர்ந்து 2000 வரைக்கும் செஞ்சாங்க, சாமான் இன்னிக்கும் கெடைக்குது. சிலிண்டரக் கடைஞ்சு (போர் பண்ணி) புது பிஸ்டன் போடுற செலவு எலெக்ட்ரிக் செலவுக்குப் பக்கத்துலயே வராது. பிளாக்கே வெடிச்சிருந்தாலோ, இல்ல தெனமும் சத்தமில்லாம ஓட்டணும்னு மனசார ஆசை இருந்தாலோ, தாராளமா மாத்துங்க.

ஈப்போ போய்ட்டு வர அறுபது கிலோமீட்டர் பக்கம்தான், 15 யூனிட் பேட்டரி போதும். மைனர்ல இஞ்சின் வேற கியர்பாக்ஸ் வேற, அதனால நடுவுல ஒரு அடாப்டர் பிளேட் கடைஞ்சு மோட்டார மாட்டிடலாம், ஊருக்குள்ள பெரும்பாலும் ஒரே கியர்ல ஓட்டலாம். ஆனா பின்னாடி ஹாஃப் ஷாஃப்ட், அதாவது பின் வீல சுத்த வைக்குற தண்டு, இந்தக் காருக்கு வீக். பழைய இஞ்சினுக்கு மொத்தமே 48 குதிரைசக்தி, மோட்டார் நின்ன எடத்துலேர்ந்தே முழு இழுவையையும் குடுக்கும், மோட்டாருக்குப் போற கரண்ட்ட அளந்து விடுற கண்ட்ரோலர்ல அந்த இழுவைய (டார்க்க) கொறச்சு வைக்கலன்னா ஷாஃப்ட் முறிஞ்சு நடுரோட்டுல நிப்பீங்க. பிரேக்கையும் பாருங்க, நாலு வீலும் டிரம், காரோட எடையே 800 கிலோகூட இல்ல, அதுக்குத் தகுந்த பிரேக்குதான் அது. பேட்டரி எடைய ஏத்திடும், அதனால அத பாதி முன்னால, பாதி பெட்ரோல் டேங்க் இருந்த எடத்துல பிரிச்சு வெச்சு, முன்னால டிஸ்க் மாத்துங்க, காசு பத்தலன்னா மத்ததுல கொறைங்க, இதுல கொறைக்காதீங்க.

இன்னொன்னு, நெறைய பேர் கவனிக்காம விடுறது. பானெட்டத் தொறந்து பழைய 12 வோல்ட் பேட்டரியப் பாருங்க, யாரும் மாத்தாம இருந்தா ப்ளஸ் கம்பியத்தான் பாடியோட முடுக்கியிருப்பாங்க. இஞ்சினக் கழட்டும்போது டைனமோவும் போயிடும், அப்புறம் லைட்டு, வைப்பர், ஹார்னுக்கெல்லாம் பெரிய பேட்டரியிலேர்ந்து 12 வோல்ட்டா எறக்கிக் குடுக்க ஒரு கன்வெர்ட்டர் வேணும், இப்ப வர்ற சாமானெல்லாம் மைனஸ் பாடியில இருக்கணும்னு செஞ்சது. பாடியில இருக்குற ப்ளஸ்ஸ மைனஸ்ஸா மாத்தாம அப்படியே மாட்டினா கன்வெர்ட்டர் அன்னிக்கே கருகிடலாம்.

ஒரு போல்ட்டக் கூட கழட்டுறதுக்கு முன்னால ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ஆபீசுக்குப் போங்க. கிரான்ல, அதாவது வண்டியோட பதிவுப் பத்திரத்துல, இஞ்சின் நம்பரும் எரிபொருளும் பதிஞ்சிருக்கு, அனுமதி இல்லாம மாத்தினா 1987 சாலை போக்குவரத்து சட்டப்படி குத்தம், ஏதாச்சும் ஆச்சுன்னா இன்சூரன்சும் கைய விரிச்சிடும். என்ன பேப்பர் வேணும், எந்தப் பரிசோதனைக்கு வண்டிய கொண்டு போகணும்னு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் வொர்க்‌ஷாப்ல பேசுங்க. கழட்டுன இஞ்சின வித்துடாதீங்க. பழைய வண்டிகளுக்கான உலக அமைப்பு ஃபிவா, எலெக்ட்ரிக்கா மாத்துனத பாரம்பரிய வண்டின்னு ஏத்துக்கிறதில்ல, மாத்தினாலும் திரும்ப பழைய மாதிரி ஆக்குற விதமா செய்யுங்க, சாமான அடையாளம் போட்டு வைங்கன்னுதான் சொல்லுது. அதனால பாடியில புது ஓட்டை போட விடாதீங்க, இருக்குற போல்ட் ஓட்டையிலேயே மோட்டார் நிக்கணும்.

கேள்வி: என்கிட்ட பழைய மினி இருக்கு. அதுலயும் இதே மாதிரி பண்ணலாமா?
- இன்னொரு வாசகர், அதே ஊர்

பதில்: இதே மாதிரி முடியாது. மினியில கியர்பாக்ஸ் இஞ்சினுக்கு அடியிலேயே, ஒரே ஆயில்ல ஓடுது, ஒண்ண எடுத்தா இன்னொன்னும் சேந்து வந்துடும். மோட்டாரும் கியரும் ஒண்ணா இருக்குற வேற யூனிட்ட முன் வீலுக்குப் பொருத்தணும், செலவு ஏறும்.

கேள்வி: அண்ணே, எங்க வீட்டுக்காரரு கார் மாத்துறேன்னு பழைய நிசான் லீஃப் எலெக்ட்ரிக் காரோட பேட்டரி மோட்யூலெல்லாம் (பெரிய பேட்டரியோட தனித்தனித் துண்டுங்க) வாங்கி ஸ்டோர்ல அடுக்கியிருக்காரு. சின்னப் புள்ளைங்க இருக்குற வீடு, பயமா இருக்கு.
- ஒரு வாசகி

பதில்: பயப்படுறது நியாயம்தான்மா. ஒரு மோட்யூல் ஏழரை வோல்ட்டுதான், தொட்டா ஷாக் அடிக்காது, ஆனா ரெண்டு முனைக்கும் குறுக்கால ஒரு ஸ்பானர் விழுந்தா போதும், தீப்பொறி பறந்து கைய சுட்டுடும். லீஃப் கார்ல 48 மோட்யூல வரிசையா கோத்தா 360 வோல்ட், அது ஆள கொன்னுடும். இன்னிக்கே ஒவ்வொரு முனைக்கும் பிளாஸ்டிக் மூடி போடச் சொல்லுங்க, இல்ல டேப்பாவது சுத்தணும். ஜிங்க் கூரை ஸ்டோர்ல மத்தியான சூடு ஆகாது, நெழலா காத்தோட்டமா பூட்டு போட்ட எடமா மாத்துங்க. உப்பிப்போன மோட்யூல் ஏதாச்சும் இருந்தா அத வீட்டுக்கு வெளிய, எரியுற சாமான் பக்கத்துல இல்லாத எடத்துல தனியா வைக்கணும், சார்ஜ் போடவே கூடாது. கோர்க்குற வேலைய ஹை வோல்டேஜ் வேலை தெரிஞ்ச ஆள்கிட்ட விடச் சொல்லுங்க.